எதிர்ப்பக்கத் திரை

மட்டாஞ்சேரியில் இரண்டு மானிட்டர் வைத்த முதல் கடை என்னுடையதுதான் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ரொம்ப ஆசை. சொல்லியும் வந்தேன். உண்மையில் எதிர்வரிசை ஸ்டூடியோக்காரன் எனக்கு முன்னாலேயே வைத்துவிட்டான். ஆனால் அவனுடைய இரண்டும் அவனையே பார்த்துக்கொண்டிருக்கும். என்னுடையதில் ஒன்று என்னைப் பார்க்கும். மற்றது கவுண்டருக்கு அந்தப் பக்கம் திரும்பி, வந்து நிற்கிறவரைப் பார்க்கும். இந்த வித்தியாசத்தை யார் கேட்டாலும் விளக்குவேன். யாரும் கேட்காததால் நானாகவே விளக்குவேன்.

கடையின் பெயர் நூர் கிராபிக்ஸ். கல்யாணப் பத்திரிகை, கடை போர்டு, பிறந்தநாள் ஃபிளெக்ஸ், இறந்தநாள் ஃபிளெக்ஸ். மலையாள வேலையெல்லாம் என் மனைவி மெஹருன்னிசா பார்ப்பாள். தமிழ் என் பொறுப்பு. கொச்சியில் ஒற்றெழுத்து உதிராமல் தமிழ் அடித்துத் தர ஆள் குறைவு என்பதால் பள்ளுருத்தியிலிருந்தும் தேவராவிலிருந்தும் நம் ஆட்கள் பஸ் ஏறி வருவார்கள். வந்து, கவுண்டர்மேல் பாதி உடம்பைச் சாய்த்து என் திரையை எட்டிப் பார்ப்பார்கள். மழைக்காலத்தில் அவர்களுடைய குடையும் சேர்ந்து எட்டிப் பார்க்கும். குடைத் தண்ணீர் குடித்து ஒரு கீபோர்டு செத்தபிறகுதான் எனக்கு ஞானம் வந்தது. மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து பழைய சதுர மானிட்டர் ஒன்றை வாங்கிவந்து எதிர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். இனி அவரவர் பெயரை அவரவர் இடத்தில் நின்று சரிபார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் கம்ப்யூட்டரில் ஓடுவது லினக்ஸ். அதற்குக் காரணம் தொழில்நுட்பம் இல்லை, மார்க்கம். திருட்டு சாஃப்ட்வேரில் சம்பாதிக்கிற சோறு ஹராம் என்று மெஹருன்னிசா ஒருநாள் சொல்லிவிட்டாள். நான் சோற்றைத் தள்ளிவைக்கிற ஆள் இல்லை, சாஃப்ட்வேரைத் தள்ளிவைத்தேன்.

அந்த லினக்ஸுக்கு ஒரு குணம். இரண்டு மானிட்டரைச் சொருகினால், எங்கள் மிஷினில் அது முதலில் இரண்டிலும் ஒரே படத்தைத்தான் காட்டும். பெருநாளுக்கு ஒரே துணியில் அண்ணன் தம்பிக்குச் சட்டை எடுத்த மாதிரி. ‘இது வேறு, அது வேறு, அது இதற்கு வலப்பக்கம் இருக்கிறது’ என்று நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். சொல்வதற்கு ஒரு கட்டளை உண்டு. கறுப்புத் திரையைத் திறந்து, ஒரு நீளமான வரியை அடித்து, எண்டரைத் தட்டினால் இரண்டும் ஒரு தடவை கண்ணை மூடித் திறக்கும். அதன்பிறகு என் திரை எனக்கு, எதிர்த் திரை கஸ்டமருக்கு. டிசைனை மட்டும் மவுஸால் இழுத்து அந்தப் பக்கம் தள்ளிவிடுவேன்.

இதை ஒவ்வொரு நாளும் காலையில் கடை திறந்ததும் கையால் அடிப்பேன்.

“அந்த வரிய ஒரு ஃபைல்ல எழுதி வச்சா கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது தானா ஓடும்ங்க. தெனமும் எதுக்கு உக்காந்து அடிக்கிறீங்க?” என்று மெஹருன்னிசா கேட்டாள்.

“கைப்பழக்கம் விட்டுப்போயிடும்.”

“ஆமா. வீணை வாசிக்கிறீங்க.”

உண்மைக் காரணம் அவளுக்குத் தெரியும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடுகிறபோது கடையில் யாராவது நின்றால் என் முதுகெலும்பு நிமிர்ந்துவிடும். ஒரு மீன் வியாபாரி, “எந்தா இக்கா, ராக்கெட்டா விடுந்நது?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு நான் அந்த மாதம் முழுக்க ஜீவித்தேன். கட்டளையை ஃபைலில் எழுதிவைத்தால் அப்புறம் யார் என்னைக் கேட்பார்கள்.

இந்த நிலைமையில்தான் ஆடி மழையில் ஒரு மத்தியானம் அழகரண்ணன் வந்தார்.

அழகரண்ணன் உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். பள்ளுருத்தியில் மெஸ் வைத்திருக்கிறார். கல்லாவில் உட்கார்ந்துகொண்டு சாப்பிட வருகிறவர்களை ஒரு சுற்று வாரிவிட்டுத்தான் மீதிச் சில்லறையைக் கொடுப்பார். அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதற்கென்றே அங்கே சாப்பிடப் போகிறவர்கள் உண்டு. நானும் போயிருக்கிறேன். என்னைவிட ஒரு படி மேலான வாய் என்பதால் அவர்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

குடையை வெளியே மாட்டிவிட்டு, எதிர்த் திரையைப் பார்த்தார்.

“என்ன பாய், டிவி வாங்கிட்டீங்களா?”

“டிவி இல்லண்ணே. டூயல் மானிட்டர். உங்க பக்கம் உங்களுக்கு மட்டும். நான் இங்க என்ன செஞ்சாலும் உங்களுக்குத் தெரியாது. நான் காட்டுறது மட்டும்தான் தெரியும்.”

“அப்ப நம்ம கவர்மெண்டு மாதிரி.”

இப்படித்தான். ஒரு பந்து வீச விடமாட்டார்.

மனைவி மாயம்மாளுக்கு முதலாம் ஆண்டு நினைவு அஞ்சலி ஃபிளெக்ஸ். மறுநாள் மெஸ்ஸில் எல்லாருக்கும் சாப்பாடு போடுகிறார். வாசலில் கட்ட வேண்டும். போனில் ஒரு போட்டோ காட்டினார். யார் வீட்டுக் கல்யாணத்திலோ எடுத்தது. அந்த அம்மாள் கேமராவைப் பார்க்காமல் பந்தி நடக்கிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, பக்கத்துல ஒரு தோளு வருதே. யாரு தோளு?”

“என்னுதுதான். எடுத்துருங்க.”

தோளை அழித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போயிற்று. யுபிஎஸ் ஒரு முறை விக்கிவிட்டு அதுவும் போயிற்று. சற்றுநேரம் இருவரும் இருட்டில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் முதலிலிருந்து எழுந்தது. அவர் அவசரத்தில் இருந்தார். மெஸ்ஸுக்கு மறுநாளைக்கான காய்கறி வாங்கப் போக வேண்டும். நான் நேரே டிசைனைத் திறந்தேன்.

எழுத்துகள் வழக்கத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தன. போன வாரம் புதுக் கண்ணாடி மாற்றியிருந்தேன். பரவாயில்லையே, டாக்டர் சரியாகத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

டிசைனை எதிர்ப்பக்கம் தள்ள மவுஸைப் பிடிப்பதற்குள் அழகரண்ணன், “ஆங், படம் வந்துருச்சு பாய்” என்றார்.

தள்ளாமலே போய்விட்டது. நேற்றைய இடத்தை ஞாபகம் வைத்திருக்கிறது. லினக்ஸ் என்றால் லினக்ஸ்தான். மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

“மேட்டர் என்னண்ணே? வாசகம் எதாச்சும் போடணுமா?”

அவர் உடனே பதில் சொல்லவில்லை. அழகரண்ணன் பதில் சொல்லத் தாமதித்து நான் பார்த்ததே இல்லை. மேலே ஃபேனைப் பார்த்தார்.

“ரெண்டு வரி இருக்கு. நானே யோசிச்சது. சொல்றேன், அடிங்க.”

சொன்னார். அடித்தேன்.

நீ வச்ச ரசத்துல உப்பு இல்லன்னு தெனமும் சொன்னேன்.
இப்ப எந்த ரசத்துலயும் உப்பு இல்ல மாயா.

“அப்படியேவா அண்ணே? பேச்சுத் தமிழ்லயேவா?”

“அப்படியே.”

“சரிண்ணே. கலர் மட்டும் கொஞ்சம் செட் பண்ணிடறேன்.”

என் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு; நல்ல வழக்கம் என்று சொல்ல வரவில்லை. எர்ணாகுளத்தில் தமிழ் வேலை செய்கிற டிசைனர்கள் நாங்கள் சிலபேர் ஒரு வாட்ஸப் குரூப் வைத்திருக்கிறோம். கஸ்டமர் எழுதிக்கொண்டு வருகிற வாசகங்களில் விசேஷமானவற்றை அதில் போடுவோம். அந்தக் குரூப்பில் நான்தான் ராஜா. அன்றைய சரக்கு கையில் சுடச்சுட இருந்தது. கலர் செட் பண்ணுவதாகச் சொல்லிவிட்டு, டிசைனுக்குப் பக்கத்திலேயே குரூப்பைத் திறந்தேன். எதிர்த் திரை அவருக்கு, என் திரை எனக்கு, அதுதானே ஏற்பாடு.

இரண்டு வரியையும் நகலெடுத்து ஒட்டினேன். கீழே ‘கண்ணீர் அஞ்சலியா, ஓட்டல் போர்டா?’ என்று அடித்தேன். அவ்வளவு எடுப்பாக இல்லை. அழித்தேன். கொஞ்சம் யோசித்து வேறு மாதிரி அடித்தேன்:

‘சம்சாரம் போயி ஒரு வருசம் ஆச்சு. ரசத்தப் பத்தின புகார் மட்டும் இன்னும் நிலுவையில இருக்கு.’

இது உட்கார்ந்தது. அனுப்பினேன். ரமேஷ்பாபு உடனே உருண்டு புரண்டு சிரிக்கிற பொம்மையைப் போட்டான். சேவியர் அதே பொம்மையில் ஒரு வரிசை போட்டான். நான் மேலுதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கலரைப் பற்றிக் கவலைப்படுகிறவன்போல முகத்தைச் சுருக்கிக்கொண்டேன்.

“பாய்.”

“சொல்லுங்கண்ணே.”

“அந்த ரெண்டு வரி வேணாம்.”

“ஏண்ணே?”

“சும்மாதான். நீங்க வழக்கமா போடுறது எதாச்சும் இருக்கும்ல. அதுல ஒண்ணு போட்டுருங்க.”

“நெறய இருக்குண்ணே” என்று நான் சந்தோஷமாகச் சொன்னேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன், அதை மாற்றிச் சொல்ல வழியில்லை. தானாகவே புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். ‘எங்களை விட்டுப் பிரிந்தாலும் எங்கள் நினைவை விட்டுப் பிரியாத குலவிளக்கே’ என்பதை எடுத்துப் போட்டேன். அந்தக் குலவிளக்கை இதுவரை எத்தனை வீட்டில் ஏற்றியிருப்பேன் என்று கணக்கில்லை. அழகரண்ணன் படித்துக்கூடப் பார்க்காமல் தலையாட்டினார். சாயங்காலம் சுள்ளிக்கல் பிரிண்டிங் யூனிட்டில் நேராகப் போய் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். குடையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார். வாசல்படியில் நின்று என்னை ஒரு வார்த்தை வாரவில்லை. மழையில் மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

ஃபைலை யூனிட்டுக்கு அனுப்பிவிட்டு, குரூப்பில் வந்து குவிகிற பாராட்டை வாங்கிக்கொண்டிருந்தேன். மெஹருன்னிசா பேங்க்கிலிருந்து திரும்பி வந்தாள். நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவள், நிமிர்ந்து எதிர்த் திரையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“ஏங்க, இப்ப என்ன அனுப்புனீங்க? ‘ராஜா ராஜாதான்’னு ரமேஷ்பாபு எழுதியிருக்கான்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

அவள் விரலால் மானிட்டரைக் காட்டினாள். நான் எழுந்து கவுண்டரைச் சுற்றிக்கொண்டு போனேன். என் கடையில் கஸ்டமர் நிற்கிற இடத்தில் நான் நின்றது ரொம்ப நாளைக்கப்புறம் அன்றுதான். எதிர்த் திரையில் குரூப் திறந்திருந்தது. என் பெயர், என் ஜோக், பொம்மைகள். சதுரத் திரைக்குத் தோதாக என் திரையும் குறைந்த ரெசல்யூஷனுக்கு இறங்கி, எழுத்தெல்லாம் பெரிதாக, சாளேஸ்வரக்காரனும் படிக்கிற மாதிரி. கண்ணாடி டாக்டருக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. கரண்ட் வந்தபிறகு அந்தக் கட்டளையை நான் அடிக்கவே இல்லை. இரண்டு திரைக்கும் ஒரே துணியில் சட்டை.

“யாரு வந்திருந்தா?”

“அழகரண்ணன்.”

“மெஸ்கார அண்ணனா? மாயம்மாக்கா வீட்டுக்காரரா?”

நான் தலையாட்டினேன். அவள் திரையில் மேலே இருந்த இரண்டு வரியைப் படித்தாள். அதற்குக் கீழே என்னுடையதையும் படித்தாள். எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கம், திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன்.

“நல்லா எழுதியிருக்கீங்க” என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய் சாயாவுக்கு அடுப்பை மூட்டினாள்.

முதலில் செய்தது, குரூப்பிலிருந்து அதை எல்லாருக்கும் நீக்கியது. உடனே ரமேஷ்பாபு, “ஏன் பாய் எடுத்துட்டீங்க? நான் இன்னும் ரெண்டு குரூப்புக்கு அனுப்பியாச்சே. சூப்பர் ரெஸ்பான்ஸ்” என்று எழுதினான். சாயங்காலம்தான் துணிந்து அழகரண்ணனுக்குப் போன் போட்டேன். எடுத்தார். பின்னால் ஆட்டோ சத்தம்.

“ஃபிளெக்ஸ் வாங்கிட்டேன் பாய். பளிச்சுனு வந்துருக்கு” என்றார்.

“அண்ணே…”

“வேற ஒண்ணுமில்லையே?”

“இல்லண்ணே.”

வைத்துவிட்டார்.

மன்னிப்புக் கேட்க வாய் வராதவன் வேறு என்ன செய்வான். கைத்தொழில் எது தெரியுமோ அதைச் செய்வான். நான் அந்த இரண்டு வரியை வைத்து இன்னொரு ஃபிளெக்ஸ் அடிக்க உட்கார்ந்தேன். குலவிளக்கை எடுத்தேன். வரிகளை மாயம்மாள் பார்க்கிற பக்கமாக வைத்தேன். அழித்த தோளையும் திரும்பக் கொண்டுவந்தேன். பூ இல்லை, புறா இல்லை, மேகம் இல்லை. என் வாழ்க்கையில் புறா இல்லாமல் செய்த முதல் அஞ்சலி அதுதான். நான் அதைச் செய்துகொண்டிருக்கும்போதே மெஹருன்னிசா பக்கத்தில் நின்று, “கொஞ்சம் தள்ளுங்க” என்று சொல்லி, கறுப்புத் திரையைத் திறந்தாள். அந்தக் கட்டளையை ஒரு ஃபைலில் எழுதி, கம்ப்யூட்டர் எழும்போது தானாக ஓடும்படி சேர்த்துவிட்டாள். அதற்கு அவளுக்கு ஒரு சாயா ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் காலை, ஃபிளெக்ஸைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பள்ளுருத்தி பஸ் ஏறினேன். பஸ்ஸில் நின்றுகொண்டே என்னென்ன பேசலாம் என்று ஒத்திகை பார்த்தேன். எல்லாமே ஒரு ஜோக்கில் போய் முடிந்தது. எனக்கு வேறு மாதிரி முடிக்கத் தெரியாது என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

மெஸ் வாசலில் குலவிளக்கு கட்டியிருந்தது. பளிச்சென்றுதான் இருந்தது. மேகத்தின்மேல் மாயம்மாள், இரண்டு பக்கமும் புறா. அதற்குக் கீழே இட்லிக்கு வரிசை நின்றது. அழகரண்ணன் கல்லாவில் இருந்தார். அன்று எல்லாருக்கும் இலவசம் என்பதால் கல்லாவில் வேலை இல்லை. ஆனாலும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

“வாங்க பாய். என்ன, பாயைச் சுருட்டிட்டே வந்துட்டீங்க? மெஹருன்னிசா வெரட்டிட்டாளா?”

குரல் பழைய குரல்தான். அதில் நான் சற்றுத் தைரியமாகிவிட்டேன்.

“அண்ணே, அந்த ரெண்டு வரிய வச்சு இன்னொண்ணு அடிச்சுக் கொண்டாந்திருக்கேன். அத எடுத்துட்டு இதக் கட்டிருவோம்.”

அவர் வாங்கி, கல்லா மேஜையில் கொஞ்சம்போல விரித்துப் பார்த்தார். தோள் வரைக்கும் விரித்தார். வரிகள் வந்ததும் நிறுத்திவிட்டு மறுபடி சுருட்டினார்.

“நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. வேணாம் பாய்.”

“அண்ணே, நேத்து அந்த மானிட்டரு… நான் கமாண்டு அடிக்க மறந்துட்டேன். உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாது.”

சொன்னபிறகுதான் அது எப்படிப்பட்ட மன்னிப்பு என்று எனக்கே கேட்டது. திருடன், ‘நீங்க தூங்குறீங்கன்னு நெனச்சேன்’ என்று சொன்ன மாதிரி.

அழகரண்ணன் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. “மொதல்ல ‘ஓட்டல் போர்டா’ன்னு அடிச்சீங்க. அப்பறம் அழிச்சுட்டு ‘நிலுவை’ன்னு மாத்துனீங்க. ஒவ்வொரு எழுத்தா வந்துச்சு. எனக்கு அடுத்தது என்ன எழுத்து வரும்னு பாக்கணும்போல இருந்துச்சு. ரெண்டாவதுதான் பாய் நல்லாருந்துச்சு.”

நான் தரையைப் பார்த்தேன். அப்போதுதான் கழுவிவிட்ட தரை.

“நானும் இந்த எடத்துல ஒக்காந்து ஆளுகளக் கிண்டல் பண்றவன்தான். அதனால தெரியும். சுமாரான கிண்டல்னா ஒதறிட்டுப் போயிரலாம். நல்ல கிண்டல் ஒட்டிக்கிரும். நேத்து ராத்திரி அந்த ரெண்டு வரிய மனசுக்குள்ள சொல்லிப் பாத்தேன். கூடவே மூணாவதா உங்க வரியும் வருது. இத வாசல்ல கட்டுனா நான் தெனமும் மூணு வரி வாசிக்கணும்.”

அந்த நேரத்தில் அவருடைய மகள் பொன்மணி உள்ளேயிருந்து வந்தாள். மாயம்மாளுக்குப் பிறகு அடுக்களை அவள் கையில்தான். இங்கேயே பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுவாள்.

“ஷாகுல் இக்கா எப்ப வந்தீங்க? கழிச்சீங்களா, சாப்ட்டீங்களா? அதென்ன, இன்னொரு ஃபிளெக்ஸா?”

“தப்பா அடிச்சுட்டாங்க. திருப்பிக் கொண்டுபோறாரு” என்றார் அழகரண்ணன்.

“என்ன தப்பு, பாக்கட்டே.” அவர் கையைத் தட்டிவிட்டு முழுக்க விரித்துவிட்டாள். ஒரு முனை கல்லாவிலிருந்து தொங்கியது. “அப்பாவோட தோளு இருக்கு. இதுதான் நல்லாருக்கு. என்ன எழுதியிருக்கு? அப்பா, வாசிங்க.”

அழகரண்ணன் கண்ணாடியைத் தேடுகிறவர்போல மேஜையைத் தடவினார். கண்ணாடி அவர் மூக்கில்தான் இருந்தது. “நீங்க வாசிங்க பாய்” என்றார்.

கஸ்டமர் வாசகங்களை நான் வாசிப்பதற்கென்று ஒரு குரல் வைத்திருக்கிறேன். கொஞ்சம் மூக்கால், கொஞ்சம் இழுத்து. கேட்டாலே சிரிப்பு வரும். வாயைத் திறந்ததும் அந்தக் குரல்தான் வந்தது. “நீ வச்ச ரசத்துல…” என்று ஆரம்பித்ததுமே இட்லி வரிசையில் ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டார். நிறுத்தினேன். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை எந்தக் குரலும் வரவில்லை. வெறும் வார்த்தைகள் வந்தன. இரண்டு வரியையும் முடித்தேன்.

பொன்மணி கையை முந்தானையில் துடைத்தபடியே நின்றாள். துடைக்க ஒன்றும் இல்லை.

“அப்பா, இது நீங்க எழுதினதா?”

“நானா? எனக்கு எங்க இதெல்லாம்” என்றார் அழகரண்ணன், சில்லறை டப்பாவைப் பார்த்துக்கொண்டு. “பாய் போட்டது. அவங்க கடைல இந்த மாதிரி நெறய இருக்கும்.”

பொன்மணி என் பக்கம் திரும்பினாள். “ரொம்ப நல்லாருக்கு இக்கா. எங்க அம்மை ரசத்துக்கு உப்பு கம்மியாத்தான் போடும். அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

ஒருவனுடைய ஒரே சொத்தைக் கேலி செய்து பிடுங்கியவனிடம், அதே சொத்தைப் பரிசாகக் கொண்டுவந்து கொடுத்தால் அவன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வான். அழகரண்ணன் என்னைப் பார்க்கவில்லை. நான் பேசாமல் ஒரு புன்னகை செய்திருந்தால் போதும்; விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அவருக்கும் அதுதான் சௌகரியம் என்று தோன்றியது. எனக்கும் சௌகரியம். அதுதான் உறுத்தியது.

“நான் எழுதல பொன்மணி” என்றேன். “அப்பா சொன்னாரு, நான் டைப் மட்டும்தான் அடிச்சேன். அப்பறம் கிண்டல் பண்ணுனேன். நாலு பேருக்கு அனுப்பியும் வச்சேன். அப்பா அதப் பாத்துட்டாரு. அதனாலதான் வேற வாசகம் போடச் சொன்னாரு.”

“எதுக்குப் பாய் இப்ப” என்றார் அழகரண்ணன், மெதுவாக.

பொன்மணி அப்பாவைப் பார்த்தாள், ஃபிளெக்ஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகத்தில் சற்றுமுன் இருந்த எதுவும் இல்லை.

“என்ன சொல்லிக் கிண்டல் பண்ணீங்க?”

ஒரு ஜோக்கைச் சொல்லச் சொல்லி என்னை யாரும் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்ததில்லை. அவள் இரண்டாவது தடவையும் கேட்டாள். வரிசையில் நின்றவர்களும் இப்போது தட்டை மார்போடு வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். நான் அழகரண்ணனைப் பார்த்தேன், காப்பாற்றுவார் என்று.

“சொல்லுங்க பாய்” என்றார். “கேக்குறால்ல.”

சொன்னேன். அவளுடைய அம்மா இறந்து ஒரு வருஷம் ஆகிற அன்று, அந்த அம்மாவின் படத்துக்குக் கீழே நின்று, புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது என்று, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. குரூப்பில் அத்தனை பேரை உருட்டிய ஜோக்.

பொன்மணி ஃபிளெக்ஸை மேஜையிலிருந்து இழுத்தெடுத்து, தாறுமாறாகச் சுருட்டி, தோளில் போட்டுக்கொண்டு அடுக்களைப் பக்கம் நடந்தாள். அடுக்களை வாசலில் நின்று, திரும்பாமலே, “வாங்க. ஒரு தலையப் பிடிக்க ஆள் வேணும்” என்றாள்.

“பொன்மணி, வேணாம்னு சொன்னேன்ல” என்றார் அழகரண்ணன்.

“வாசல்ல கட்டல. நீங்க வாசிக்க வேணாம். நான் பாத்துக்கறேன்.”

செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பின்னால் போனேன். அடுக்களைச் சுவர் ஃபிளெக்ஸுக்குப் போதவில்லை. நான் வாசலுக்கு என்று பெரிதாக அடித்திருந்தேன். ஒரு பக்கத்தை மடித்து, ஜன்னல் கம்பியில் ஒரு மூலையும் பாத்திர அலமாரியில் ஒரு மூலையுமாகக் கட்டினோம். மடித்ததில் தேதியும் எங்கள் கடைப் பெயரும் உள்ளே போய்விட்டன. அவள் ஸ்டூல்மேல் நின்று முடிச்சுப் போட்டாள். நான் கீழே இரண்டு கையையும் தூக்கி, இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் என்னிடம் ‘மேலே’, ‘கீழே’ என்ற இரண்டு வார்த்தை தவிர வேறு பேசவில்லை. அந்த வரிகள் என் மூக்குக்கு நேராக இருந்தன. இவ்வளவு பக்கத்தில் எழுத்து தெரியாது, புள்ளி புள்ளியாக மை மட்டும்தான் தெரியும். தெரியாமலே என்னால் வாசிக்க முடிந்தது.

முடிச்சு போட்டாயிற்று. அவள் இறங்கி, குழம்பைக் கிண்டப் போய்விட்டாள். நான் கையை இறக்காமல் அப்படியே நின்றேன்.

பரிமாறுகிற ஜன்னல் வழியாகக் கல்லா தெரிந்தது. அழகரண்ணன் இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. இட்லியை மூன்றாவது தடவை வாங்க வந்த ஒருவரிடம், “இலவசம்னா வயித்துக்கும் இலவசமா தம்பி?” என்று சத்தமாகக் கேட்டார். வரிசை சிரித்தது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டார். பிறகு அதே சத்தத்தில், தலையைத் திருப்பாமல்:

“பாய், கட்டியாச்சுன்னா வெளிய வாங்க. அங்கன நின்னா அடுப்பு வேல ஓடாது. வந்து இலைல உக்காருங்க.”

“தோ வர்றேண்ணே” என்றேன்.

முகத்தை ஒரு மாதிரி சரிசெய்துகொண்டு வெளியே வர எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று.